மனச்சோர்வு: ஒரு நோய்ப்பெயரின் வரலாறும் பொதுமக்கள் கருத்தும்

உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் கொண்டாடப்பெற்ற உலக சுகாதார நாளுக்கு மனச்சோர்வு நோயைப் பொருளாக எடுத்துக்கொண்டது. அந்நோயைப் பற்றி மக்கள் மறைக்காமல் பேச வேண்டும் என்பதே அவ்வாண்டின் வேண்டுகோளாக அமைந்தது. அவ்வேண்டுகோளை இந்திய மொழிகளில் எடுத்துரைக்க முற்படுவோருக்கு முதல் தடை நோயின் பெயரிலேயே உள்ளது. ஆங்கிலத்தில் 'டிப்ரஷன்' எனப்படும் ஒன்றிற்குத் தமிழில் மனச்சோர்வு, உளச்சோர்வு, மனத்தளர்ச்சி, மன அழுத்தம், மன உளைச்சல் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. ஒரே நாளிதழின் ஒரே செய்தியில் இவற்றுள் இரண்டு மாறி மாறி வருவதும் உண்டு.

இதனைக் கலைச்சொல் தரப்பாட்டின் குறை என்று மட்டும் கருதிவிடுவது வழக்கம். ஆனால் இப்பெயர்கள் ஒரு பொருட்பன்மொழிகள் அல்ல. சோர்வு என்றால் ஓய்வு போதும். தளர்ச்சி என்றால் தைரியம் சொன்னால் போதும். அழுத்தம் என்றால் அழுத்துவதை அகற்றினால் போதும். உளைச்சல் என்றால் உளையச் செய்த நிகழ்ச்சி எது என்று கேட்க வேண்டும். பெயரைச் சொன்ன அளவிலேயே நோயின் காரணமும் மருந்தும் கேட்பவர் மனத்தில் முடிவாகிவிடுகின்றன. இந்நோயைப் பற்றி நாட்டில் நிலவும் தவறான கருத்துகளுள் பல, அறியாமையால் மட்டும் எழுந்தவையல்ல. சொல்லின் பொருளை ஒழுங்காகப் பின்பற்றியதன் விளைவுகள். பெயர்களின் வரலாற்றை நோக்கினால் இது விளங்கும்.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோருள் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என மதிப்பிட்டது. மனநோய்கள் பலவற்றிலும் மருத்துவம் பெறாதோர் விழுக்காடு நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 வரை இருந்தது. மருத்துவர் எண்ணிக்கைக் குறைவு இதற்கு ஒரு காரணம். தமக்கு வந்திருப்பது நோய் என்றே பலர் கருதாமை மற்றொரு காரணம். மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரிய பகுதி அதுவே.

வேர்ச்சொற்கள்

'டிப்ரஷன்' என்பது கீழ்நோக்கி அழுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. மருத்துவத்தில் அது நிலைபெற்றது பிற்காலத்தில்தான். அதற்கு முன்னர் ஐரோப்பாவில் வழங்கியது 'மெலங்கோலியா' என்னும் கிரேக்கச் சொல். அதன் பொருள் கரும்பித்தம். உடலின் நான்கு நீர்களுள் ஒன்று மிகுவதால் துயரம் தோன்றுகிறது என்பது பண்டைக் கிரேக்க மருத்துவத்தின் கொள்கை. அக்கொள்கை அரபு, பாரசீக மொழிகளின் வழியாக யுனானி மருத்துவத்துடன் இந்தியாவிற்கும் வந்தது. உருதுவில் அது 'மாலிகூலியா' ஆயிற்று. செருமானிய மருத்துவர் எமில் கிரெப்பெலின் 1899இல் தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் எழுச்சியும் சோர்வும் மாறி வரும் நோயைத் தனிவகையாக நிறுவினார். பின்னர் அமெரிக்காவில் அடால்ஃப் மேயர், காரணத்தை முன்கூட்டியே முடிவுசெய்துவிடும் 'மெலங்கோலியா'வைக் கைவிட்டு 'டிப்ரஷன்' என்பதையே வழங்கலாம் என்றார். பித்தம் என்னும் கொள்கை ஏறாத, நிலையை மட்டும் குறிக்கும் பெயர் வேண்டும் என்பதே அவர் கருத்து. புதிய சொல்லின் சிறப்பாகக் கருதப்பெற்ற அந்த வெறுமையையே அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஸ்டைரன், தாம் இந்நோயில் பட்டதை 1990இல் நூலாக எழுதியபோது, குறையாகக் கண்டார். நிலம் பள்ளமாவதற்கும் வாணிகம் வீழ்வதற்கும் வழங்கும் சொல், இவ்வளவு கொடிய நோய்க்கு மிகவும் மென்மையானது என்பது அவர் மனக்குறை.

தமிழில் இம்மூன்றும் ஒரு சொல்லால் குறிக்கப்பெறுவதில்லை. வானிலையில் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், பொருளியலில் பெருமந்தம், மருத்துவத்தில் மனச்சோர்வு. வானிலைச் சொல்லை ஆக்கியோர் அழுத்தம், தாழ்வு ஆகிய இரண்டையும் விடாமல் காத்தனர். மனத்தைப் பற்றிய சொல்லில் அந்தக் கவனம் இல்லாமற் போயிற்று என்பதைப் பின்னர்க் காணலாம்.

பிற இந்திய மொழிகளை நோக்கினால், இந்தியின் 'அவசாதம்', மலையாளத்தின் 'விஷாதரோகம்', வங்காளத்தின் 'விஷண்ணதா' ஆகிய மூன்றும் 'அமர்தல், அமிழ்தல்' என்னும் பொருளுடைய 'சத்' என்னும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. உபநிடதம் என்பதிலும் இவ்வேரே உள்ளது என்பது மொழியியலார்க்குச் சுவையான செய்தி. தெலுங்கில் வழங்கும் 'குங்குபாட்டு' என்பதும் அமிழ்தலையே குறிக்கின்றது. கன்னடம் 'கின்னதெ' என்று வாட்டத்தைக் கூறுகின்றது. மராட்டியில் பெரிதும் வழங்கும் 'நைராசியம்' நம்பிக்கையின்மை என்னும் பொருளது. நோயின் ஓர் அறிகுறியே அங்கு நோயின் பெயராகிவிட்டது. இவற்றுள் மலையாளம் மட்டுமே 'ரோகம்' என்பதைப் பெயரிலேயே ஒட்டி வைத்துள்ளது. இது சிறிய செய்தி அன்று. 'விஷாதம்' என்பதற்கும் 'விஷாதரோகம்' என்பதற்கும் இடையே மலையாளி காணும் வேறுபாட்டைக் காணத் தமிழருக்கு வழக்கில் சொல் இல்லை. 'மனச்சோர்வு நோய்' என்று எழுதலாம். ஆனால் அவ்வாறு எழுதுவோர் சிலரே.

விஷாதம் என்னும் சொல்லுக்கும் தனி இடர் உண்டு. சரக சங்கிதை அதனை வாதத்தால் வரும் கோளாறுகளுள் ஒன்றாக எண்ணுகின்றது. பிற நோய்களை வளர்ப்பனவற்றுள் முதன்மையானதாகவும் கூறுகின்றது. மருத்துவ நோக்கில் இது கூர்மையான கருத்து. ஆனால் பொதுமக்களுக்கு அச்சொல் தெரிவது மருத்துவ நூலால் அன்று, பகவத் கீதையின் முதல் இயலுக்கு வழங்கும் 'அருச்சுன விஷாத யோகம்' என்னும் பெயரால். அருச்சுனனின் துயரத்திற்கு வெளிப்படையான காரணம் உண்டு. அறிவுரையால் அது தீர்ந்தும் விடுகின்றது. போர் தொடங்குவதற்கு முன்பே தீர்ந்துவிடுகின்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நோயாளிக்குச் சுற்றத்தார் ஆளுக்கொரு அறிவுரை கூறுவதும், அதனால் பயனில்லை எனக் கண்டபின் அவர்மீதே வருத்தம் கொள்வதும் இந்நாட்டில் எங்கும் காணப்படுவன. அவற்றின் பின்னணியில் இத்தகைய முன்மாதிரிகள் இல்லை என்று சொல்ல இயலாது.

சோர்வும் குற்றமும்

தமிழ் மரபில் துயரம் எப்போதும் காரணத்தோடு சேர்த்தே எண்ணப்பெற்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்குக் கூறும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னைய நன்னிலை கெடுதல், பொருளின்மை ஆகிய இவை நான்கும் புறத்தே சுட்டிக்காட்டத்தக்கவை. மெய்ப்பாடு என்பதே பிறர் கண்டுணரத்தக்கது என்பதால் இலக்கண நூல் அவ்வாறு வகுத்ததில் பிழை இல்லை. எனினும், இழப்பும் வறுமையும் இகழ்ச்சியும் இன்றி வருவதாகிய ஒரு துயரத்திற்கு அவ்வகைப்பாட்டில் இடம் இல்லை. "உனக்கென்ன குறை?" என்று நோயாளியை நோக்கி இன்று எழும் கேள்வி இவ்வகைப்பாட்டின் நேர் வாரிசு எனலாம். வேலை, வீடு, மக்கள் எல்லாம் இருக்க ஒருவர் வாடினால், அவர் நடிக்கிறார் அல்லது நன்றி கெட்டவர் என்னும் முடிவே எஞ்சுகின்றது.

சித்த மருத்துவம் மனநோய்களைக் 'கிரிகை' என்னும் பெயரில் பதினெட்டு வகையாகப் பகுத்தது. ஆனால் 'கிரிகை' மருத்துவர் வழக்கோடு நின்றுவிட்டது. மக்கள் வழக்கில் பித்தமும் பைத்தியமுமே பரவின. பித்து என்பது பக்தி இலக்கியத்தில் உயர்வும் பெற்றது. இறைவனே பித்தன் ஆனான். சோர்வுக்கு அத்தகைய பேறு கிட்டவில்லை. 'சோர்' என்னும் வினைக்கு நழுவிக் கீழே விழுதல் என்பதே பழம்பொருள். கூந்தல் சோரும், கண்ணீர் சோரும், ஆடை சோரும். இப்பொருளில் அது அவசாதத்திற்கு மிக அணுக்கமானது. மனச்சோர்வு என்பதை முதலில் ஆக்கியவர் இதனை எண்ணியிருந்தால் அவர் தேர்வு பிழையன்று. ஆனால் அறநூல்களில் சோர்வு என்பது கடமையிலிருந்து நழுவுதல் ஆயிற்று. திருக்குறள் வாழ்க்கைத் துணைநலம் கூறுமிடத்தில் நல்ல இல்லாளுக்குச் சோர்வு இன்மையை ஓர் இலக்கணமாக வைக்கின்றது. மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. வள்ளுவர் அங்குப் பேசியது நோயைப் பற்றி அன்று, ஒழுக்கத்தைப் பற்றி. இருந்தாலும், பள்ளிப் பருவத்திலிருந்து சோர்வையும் மடியையும் குற்றமாகக் கற்று வளர்ந்த சமுதாயத்தில், ஒரு நோய்க்குச் சோர்வு என்று பெயரிடும்போது அக்குற்றத்தின் நிழலும் கூடவே வருகின்றது. காலையில் எழ இயலாமல் படுத்திருக்கும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்வதற்கு மாமியார் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. இல்லறப் பொறுப்புகள் முழுமையும் அவள்மேல் இருக்கும் வீடுகளில் நோய் நெடுநாள் குற்றமாகவே எண்ணப்பெற்று, மருத்துவரிடம் செல்வது தள்ளிப்போகின்றது.

சட்டமும் ஊர்ப்பெயரும்

ஆங்கில ஆட்சியில் மனநோய் சட்டத்தின் பொருளாயிற்று. 1858இல் மூன்று சட்டங்கள் இயற்றப்பெற்றன. 1912இல் இந்தியப் பித்தர் சட்டம் வந்தது. அதன் வரையறைப்படி 'லூனடிக்' என்பவர் பிறவியிலேயே அறிவு குன்றியவர் அல்லது சித்த சுவாதீனம் இல்லாதவர். திங்களைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லூனடிக்' பிறந்தது. அமாவாசைக்கு அமாவாசை நோய் மிகும் என்னும் நம்பிக்கையுடைய நாட்டில் அப்பெயர் யாருக்கும் வியப்பளித்திராது. சட்டத்தின் நோக்கம் யாரை அடைத்து வைக்கலாம், யார் சொத்தை யார் மேற்பார்க்கலாம் என்பதே. துயரத்தால் வாடுவோரை அது தனியே காணவில்லை. மனநோய் என்றால் அறிவு திரிதல் என்னும் ஒரே படிமம் நீதிமன்றங்களின் வழியாகவும் மருத்துவமனைகளின் வழியாகவும் நாடெங்கும் பதிந்தது. இன்றும் ஒருவரை மனநல மருத்துவரிடம் செல்லுமாறு கூறினால், "எனக்கென்ன பைத்தியமா?" என்னும் மறுமொழி வருவது இதனால்தான்.

இப்படிமத்திற்கு ஊர்ப்பெயர்கள் உறுதுணையாயின. சென்னையில் 1871இல் லோகாக் தோட்டத்தில் தொடங்கப்பெற்ற பித்தர் காப்பகம் 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாறியது. இந்தியா முழுவதும் இத்தகைய நிலையங்கள் 1920 முதல் மருத்துவமனைகள் எனப் பெயர் மாற்றப்பெற்றன. சென்னை நிலையம் 1978இல் மனநல நிலையம் என்று மீண்டும் பெயர் பெற்றது. மக்களோ இப்பெயர்களுள் எதனையும் ஏற்கவில்லை. அவர்களுக்கு அது கீழ்ப்பாக்கம். இந்தியில் ஆக்ராவும் ராஞ்சியும், மராட்டியில் தாணேயும் ஏரவாடாவும், தெலுங்கில் எர்ரகட்டாவும், மலையாளத்தில் குதிரவட்டமும் ஊளம்பாறையும், இலங்கைத் தமிழில் அங்கொடையும் இதே வகையின. மருத்துவமனையின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் ஊரின் பெயரை மாற்ற இயலாது. பழிச்சொல் அங்கேயே தங்கிவிடுகின்றது. ஆகுபெயரின் ஆற்றலுக்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. கீழ்ப்பாக்கத்தில் குடியிருப்போர் தம் ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்பவர் சிரிப்புக்குக் காத்திருக்க நேர்ந்த காலமும் உண்டு.

மனச்சோர்வு நோயாளிகளுள் பெரும்பாலோர்க்கு இத்தகைய நிலையங்களில் தங்க வேண்டிய தேவையே இல்லை. பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவு என்னும் அமைப்பு 1933இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர போசு முயற்சியால் தொடங்கிற்று. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பெற்ற முதல் நான்கு மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. எனினும் மாவட்ட மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்தால்கூட, செல்பவர் மனத்தில் எழும் ஊர் கீழ்ப்பாக்கமாகவே இருக்கின்றது.

சொல் இல்லையேல் நோய் இல்லையா

கிரெப்பெலின் 1904இல் சாவகத் தீவிற்குச் சென்று பைத்தன்சோர்க் காப்பகத்தில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்தார். அங்குத் துயர நோய் அரிது, வந்தாலும் மென்மையானது, குற்றவுணர்வு ஏறக்குறைய இல்லை என்பது அவர் கண்ட முடிவு. இம்முடிவு பிற குடியேற்ற நாடுகளுக்கும் நீட்டிக்கப்பெற்று அரை நூற்றாண்டுக்கு மேல் நிலவியது. கீழைநாட்டார் இத்துயருக்கு உரிய அகவாழ்வு இல்லாதவர் என்னும் இழிவான கருத்து அதனுள் மறைந்திருந்தது. விந்தை என்னவெனில், அதே கருத்து பின்னர் இந்நாட்டாராலேயே பெருமிதத்தோடு ஏற்கப்பெற்றது. "இது மேலைநாட்டு நோய், கூட்டுக் குடும்பம் உள்ள நம் நாட்டில் இதற்கு இடமில்லை" என்றும், "பணக்காரர் நோய், உழைப்பவனுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை" என்றும் கூறுவோர் கிரெப்பெலினின் மாணவர்கள் என்பதை அறியாதவர்கள்.

உண்மை வேறு. தேசா, நாரங், அகர்வால் ஆகியோர் 1971இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியிட்ட ஒப்பாய்வு, இந்திய நோயாளிகளிடம் உடல்சார்ந்த முறையீடுகள் மிகுந்தும் குற்றவுணர்வு குறைந்தும் காணப்பட்டன என்று காட்டியது. மதுரையில் பணியாற்றிய அ. வெங்கோபராவ் இந்நோயைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். இந்நாட்டில் அது அரிதன்று என்பதை நிறுவியவர்களுள் ஒருவர். நோய் இருந்தது, அது மனத்தின் பெயரால் சொல்லப்பெறவில்லை. நெஞ்சு அடைக்கிறது, தலை பாரம், உடம்பெல்லாம் அசதி, கை கால் ஓய்ச்சல், பசி எடுக்கவில்லை, படுத்தால் தூக்கம் வரவில்லை என்றே சொல்லப்பெற்றது. இவற்றை 'மறைமுக வெளிப்பாடு' என்று சில ஆய்வாளர் கூறுவர். அது சரியன்று. தூக்கமின்மையும் அசதியும் பசியின்மையும் இந்நோயின் உண்மையான அறிகுறிகளே. நோயாளி கூறுவது நேரான உண்மை.

இந்த வகையில் 'நரம்புத் தளர்ச்சி' என்னும் சொல்லின் போக்குத் தனியே நோக்கத்தக்கது. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு 1869இல் 'நியூரஸ்தீனியா' என்னும் பெயரைப் பரப்பினார். நரம்பின் வலிமைக் குறைவு என்பது அதன் பொருள். சீனத்திலும் சப்பானிலும் இதனை மொழிபெயர்த்த சொற்கள் பெருவழக்காயின. மனநோய் என்னும் பழியின்றி மருத்துவரிடம் செல்ல அவை வழிவிட்டன. தமிழின் நரம்புத் தளர்ச்சியும் அதே வார்ப்பில் அமைந்தது. ஆனால் அதன் ஊழ் வேறாயிற்று. குறிப்பிட்ட தேதிகளில் விடுதிகளில் தங்கி மருத்துவம் பார்க்கும் வைத்தியர்களின் சுவரொட்டிகளிலும் வாரஇதழ் விளம்பரங்களிலும் அது ஆண்மைக் குறைவுக்கு இடக்கரடக்கலாக மாறிற்று. அசதி, தூக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை என்னும் அறிகுறிகளோடு வரும் இளைஞர் அச்சொல்லைக் கொண்டு தம் நோயைத் தேடினால், சென்று சேரும் இடம் லேகியக் கடையாக இருக்கக்கூடும்.

அழுத்தத்தின் வரவு

மன அழுத்தம் என்பது இன்று இதழ்களிலும் தொலைக்காட்சியிலும் மனச்சோர்வை விடப் பெருவழக்கானது. 'ஸ்ட்ரெஸ்' என்பதற்கும் 'டிப்ரஷன்' என்பதற்கும் அது ஒருங்கே வழங்குகின்றது. 'ஸ்ட்ரெஸ்' இறுக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினது ஆதலால் மன இறுக்கம் அதற்குப் பொருந்தியிருக்கும். ஆனால் இறுக்கம் என்பதை ஆட்டிசத்திற்கு எடுத்துக்கொண்டோரும் உளர். 'டிப்ரஷன்' என்பதில் உள்ள 'அழுத்து' என்னும் உறுப்பு மட்டும் மொழிபெயர்க்கப்பெற்று, 'கீழ்நோக்கி' என்னும் உறுப்பு விடுபட்டதால் இவ்விரண்டும் ஒன்றாயின.

இம்மயக்கத்தால் விளைவது எழுத்துப் பிழை போன்றதன்று. இரத்த அழுத்தம் என்பதன் ஒப்புமையால் மன அழுத்தம் என்பது கூடிக் குறையும் ஓர் அளவு என்றும், வேலைப்பளு, தேர்வு, கடன் ஆகிய புறப்பொருள்கள் அதனை ஏற்றுகின்றன என்றும் எண்ணப்படுகின்றது. அழுத்தம் எல்லார்க்கும் உண்டு. ஆகவே அதற்கு மருத்துவம் வேண்டியதில்லை. விடுமுறையில் ஊருக்குப் போய் வந்தால் சரியாகிவிடும். மனச்சோர்வு நோயோ, இரு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நேரமும் நீடிப்பது. விருப்பமும் மகிழ்ச்சியும் அற்றுப்போவது. ஊருக்குப் போனாலும் உடன் வருவது. மேலும் தமிழ்ப் பேச்சில் அழுத்தம் என்பதற்கு வேறொரு பழம்பொருளும் உண்டு. மனத்தில் உள்ளதை வெளிவிடாமல் வைத்திருப்பவரை 'அழுத்தமான ஆள்', 'அழுத்தக்காரி' என்பர். அது பழிப்பு. பேசாமல் ஒதுங்கியிருக்கும் நோயாளிக்கு மன அழுத்தம் என்று பெயர் சொன்னால், கேட்கும் முதியவர் அதனை நோயாக அன்றிக் குணமாக எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

எளிய பெயரால் பழி குறையும் என்னும் வாதம் ஒன்று உண்டு. சப்பானில் 2000ஆம் ஆண்டையொட்டி இந்நோயை 'மனத்தின் சளி' என்று குறிக்கும் தொடர் பரவியது. யாருக்கும் வரலாம் என்னும் கருத்து அதனால் விளங்கிற்று. மருத்துவரை நாடுவோரும் பெருகினர். ஆனால் சளி தானே போய்விடுவது. உயிருக்கே ஊறு செய்யக்கூடிய, மீண்டும் மீண்டும் வரக்கூடிய நோய்க்கு அவ்வுவமை போதாது என்னும் மறுப்பும் அந்நாட்டிலேயே எழுந்தது. தமிழின் மன அழுத்தமும் இதே நன்மையையும் இதே குறையையும் உடையது எனலாம்.

ஏவலும் விலக்கும்

பெயர்களைவிட ஆழமாகத் தவறான கருத்தைத் தாங்கி நிற்பது தொடரமைப்பு. தமிழில் நோய்கள் பொதுவாகக் கொடை வேற்றுமையோடு வரும்: அவருக்குக் காய்ச்சல், அவருக்குச் சர்க்கரை. நோய் வேறு, நோயுற்றவர் வேறு. 'அவன் பைத்தியம்' என்னும் தொடரில் இவ்வேறுபாடு இல்லை; எழுவாயும் பயனிலையும் ஒன்றாகிவிடுகின்றன. மனச்சோர்வு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையில் உள்ளது. 'அவளுக்கு மனச்சோர்வு' என்று எழுத்தில் காணலாம். பேச்சில் வருவதோ 'அவள் சோர்ந்து போய்விட்டாள்', 'மனசு உடைஞ்சு போயிட்டா', 'மனசை விட்டுட்டா' என்னும் வினைகள். இறுதித் தொடரில் மனம் செயப்படுபொருள், விட்டவள் அவளே.

வினை தன்வயத்தது என்று மொழி கருதுகிறதா என்பதற்கு ஏவலும் விலக்கும் நல்ல சோதனை. 'காய்ச்சல் அடிக்காதே' என்று யாரும் நோயாளியிடம் கூறுவதில்லை. 'இருமாதே' என்பதுண்டு, இருமலை ஓரளவு அடக்க இயலும். 'சோர்ந்து போகாதே', 'மனம் தளராதே', 'கவலைப்படாதே', 'எதையும் மனசுல வச்சுக்காதே' என்பனவோ அன்றாட வழக்கு. இவற்றுள் பல ஆறுதல் மொழிகள் என்பதும், கூறுவோரின் அன்பு உண்மையானது என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும் இவ்விலக்கு வடிவம் ஒன்றை முற்கோளாகக் கொள்கின்றது: கேட்பவர் நினைத்தால் நிறுத்த முடியும். நிறுத்த முடியாதவர் அதனைத் தம் குறையாகவே கேட்கின்றார். இந்நோயின் அறிகுறிகளுள் தன்னைப் பயனற்றவராகக் கருதுதலும் ஒன்று என்பதை நினைவில் கொண்டால், ஆறுதலே நோய்க்கு உரமாகும் விதம் புலப்படும்.

'தற்கொலை' என்னும் தொகையிலும் கொலை உள்ளது. ஆங்கிலத்தில் குற்றத்திற்குரிய வினையோடு அதனைச் சேர்த்துச் சொல்வது தவிர்க்கப்பெற்று வருகின்றது. தமிழில் குற்றம் பெயரிலேயே அமைந்துவிட்டதால் வினையை மாற்றிப் பயனில்லை. உயிர் மாய்த்துக்கொள்ளுதல் என்பதை ஆளுவோர் உளர். சட்டத்தில் மாற்றம் விரைவாக வந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிர் மாய்க்க முயன்றவர் கடும் மனவேதனையில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டித்தல் கூடாது என விதித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதையில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அச்சத்தால் செய்தியை மறைத்த குடும்பங்கள் மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல இது வழி செய்துள்ளது. பேச்சுவழக்கில் 'கோழை' என்னும் சொல் இன்னும் தொடர்கின்றது.

சட்டச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

சட்டச் சொற்களின் வரலாற்றில் மூன்று படிகள் தெளிவாகத் தெரிகின்றன. 1912இன் 'லூனடிக்', 1987இல் இயற்றப்பெற்று 1993இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டத்தில் மனநோயுற்றவர் ஆயினார். 2017இன் சட்டம் ஆளை விட்டு நோயை வரையறுத்தது. சிந்தனை, உணர்வுநிலை, புலனறிவு, நினைவு முதலியவற்றின் கடும் கோளாறு என்றது. மூன்று சட்டங்களின் வரையறைகளுள் 'மூட்' என்னும் சொல் இடம்பெற்றது இதில்தான். மனச்சோர்வு நோய் சட்டத்தின் கண்ணுக்குத் தன் பெயரோடு தென்பட்டது அப்போதே எனலாம். உடல்நோய்க்கு ஒப்ப மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்னும் 21ஆம் பிரிவின் விதியும் இதனோடு வந்தது. ஆனால் 'மூட்' என்பதைத் தமிழில் 'மனநிலை' என்று பெயர்த்தால் அது மனப்பான்மை, மனத்தின் பொதுநிலை ஆகியவற்றோடு கலந்துவிடுகின்றது. பேச்சுத் தமிழ் இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. 'மூட் அவுட்' என்னும் ஆங்கிலேயர் அறியாத ஓர் ஆங்கிலத் தொடரை ஆக்கிக்கொண்டது.

திருமணச் சட்டத்தில் சொல்லின் விலை இன்னும் மிகுதி. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மணமக்கள் அறிவிலியாகவோ பித்தராகவோ இருத்தல் கூடாது என்றது. 1976இன் திருத்தம் அச்சொற்களை நீக்கி, மனநோயின் வகையும் அளவும் நோக்கப்பெற வேண்டும் என வகுத்தது. மருந்துச்சீட்டில் எழுதப்பெற்ற ஒரு பெயர் மணவிலக்கு வழக்கில் சான்றாக முன்வைக்கப்படும்போது, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அதனைப் பித்து என்று எழுதுகிறாரா, மனச்சோர்வு என்று எழுதுகிறாரா என்பதில் ஒரு பெண்ணின் வாழ்வு தங்கியிருக்கக் கூடும்.

மருந்தின் பெயரிலும் இக்குறை உண்டு. 1950களின் பிற்பகுதியில் இமிப்ரமின் முதலாக வந்த மனச்சோர்வு நீக்கும் மருந்துகளுக்கு மக்கள் வழக்கில் தனிப்பெயர் ஏற்படவில்லை. எல்லாம் 'தூக்க மாத்திரை'. தூக்க மாத்திரை அன்றிரவே வேலை செய்ய வேண்டும், நாட்பட்டால் அதற்கு அடிமையாகிவிடுவர் என்பன பொதுக்கருத்துகள். இம்மருந்துகளின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவர் கூறும் காலம் வரை தொடர வேண்டும். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவை தூக்க மாத்திரைகள் அல்ல, அவற்றைப் போல் அடிமைப்படுத்துவனவும் அல்ல. பெயரை நம்பியவர் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுகின்றார்.

மொழிபெயர்ப்பாளரின் கைப்பட வேண்டியவை பெரும்பாலும் வினாப்பட்டியல்கள். 2001இல் வெளியிடப்பெற்று இந்திய மொழிகள் பலவற்றிலும் பயன்படும் ஒன்பது வினாக்கள் கொண்ட பட்டியலில், உள்ளம் தாழ்ந்திருத்தலைப் பற்றி ஒரு வினாவும் உடல் அயர்வைப் பற்றி மற்றொரு வினாவும் உள்ளன. இரண்டிலும் 'சோர்வு' என்றே எழுதினால், வயல் வேலை முடித்து வந்தவர் இரண்டிற்கும் ஒரே விடையைத் தருவார். நோய் இல்லாதவர்க்கு நோய் இருப்பதாகவோ உள்ளவர்க்கு இல்லையென்றோ எண்ணிக்கை பிழைபடும். 'இன்பம்' என்னும் சொல்லையும் ஆய்ந்தே ஆள வேண்டும். முதிய பெண்ணிடம் அதனைக் கேட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'எதிலாவது விருப்பம் இருக்கிறதா', 'எதைச் செய்தாலும் பிடித்துச் செய்கிறீர்களா' என்பன போன்ற வடிவங்கள் நேரிய விடையைப் பெற்றுத் தரும்.

2022 அக்டோபர் 10இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவை 14416 என்னும் எண்ணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இயங்குகின்றது. அழைப்பவர் எந்தச் சொல்லால் தொடங்குவார் என்று முன்கூட்டி வரையறுக்க இயலாது. 'எதுலயும் பிடிப்பில்ல' என்பார் ஒருவர்; 'வெறுத்துப் போச்சு' என்பார் மற்றொருவர்; 'நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு' என்பார் வேறொருவர். வட்டாரந்தோறும் இத்தகைய தொடர்கள் பல. சேலத்தில் 1916இல் இராசாசியும் வெங்கடசுப்பையரும் தமிழ் அறிவியற் சொற்சங்கம் கண்ட காலம் தொட்டு வெளிவந்த கலைச்சொல் தொகுதிகள், ஆங்கிலச் சொல்லிலிருந்து தமிழுக்கு வரும் வழியைக் காட்டுவன. 'எதுலயும் பிடிப்பில்ல' என்பதிலிருந்து நோய்ப்பெயருக்குச் செல்லும் வழியை அவ்வமைப்பில் தேடினால் கிடைக்காது. அதற்கு வேறு வகையான தொகுதி வேண்டும்; அதன் தலைச்சொற்கள் நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டும்.